நான் எழுதிக் கொடுத்த கடிதம்

இன்று காலை சேலத்திலிருந்து மலையேறி வந்த பஸ்ஸில், என் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியப் பார்த்தேன். பாவம், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கோடை விடுமுறைக்கு ஏற்காடு பார்க்க வந்த கல்லூரிப் பெண். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, நாம் பார்ப்போமே, அதே மாதிரி பழைய காலத்து ஆங்கிலத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குதிரை வண்டி, மெழுகுவர்த்தி, தரையைக் கூட்டுகிற பாவாடை. நெட்டையான ஒருவன் குனிந்து, வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்றை எடுத்து முத்தம் கொடுத்தான். அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். என் கை தானாகவே நீண்டுவிட்டது. அவள் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என்னாச்சுக்கா?" என்றாள். நான் பைக்குள் கையை விட்டு உன் கையுறையைப் பிடித்துக்கொண்டேன்.

வலது கைக் கையுறை. சுண்டு விரல் ஓரம் தையல் பிரிந்து கிடக்கிறது. அது எப்படிப் பிரிந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் ஒருவன். அவன் பெயரை இந்தத் தாளில் எழுத மாட்டேன். குப்பனூர் ஜீப்காரன். அது போதும் அந்த நாய்க்கு.

நம் பள்ளிக்கூட பேண்டு செட்டில் முரசு அடித்தவர்கள் நாம் இருவர்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது எல்லாரும் கையுறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீ மட்டும் ஒரு ஜோடியை மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டாய். "ரெண்டு வருசம் தோள்ல தூக்கிட்டு அலஞ்சதுக்கு இதாச்சும் வேண்டாமா?" என்றாய். அதன் பிறகு நான் சேலத்துக்கு இலக்கியம் படிக்கப் போனேன். நீ வெள்ளக்கடையில் உங்கள் காட்டில் சாமை அறுத்தாய், எங்கள் எஸ்டேட்டில் மிளகு பறித்தாய்.

ஆனால் மே மாதம் நம்முடையது. அறுவடை எல்லாம் முடிந்து, காபிப் பழம் தோலுரிக்கிற கொட்டகை காலியாகக் கிடக்கும். என் அப்பா எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற ரைட்டர் என்பதால் சாவி எங்கள் வீட்டில். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். ஊறிப்போன பழத்தோலின் புளிச்ச வாடைக்கு நடுவில், சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு போனில் ஒன்பது தொடர் பார்த்தோம். அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்லுவேன். நீ சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஜாதியா? "இத்தன பெரிய ஊட்டுல அடுப்பு எங்க புள்ள இருக்குது? ஒருத்தியும் பாத்திரம் கழுவ மாட்டேங்கறா" என்பாய். அவர்கள் கோப்பையைத் தூக்கினால், "குடி, குடி. எங்க பாட்டன் முதுகுல ஒத வாங்கிப் பொறுக்குன காப்பி அது" என்பாய். நான் சிரித்து உருண்டிருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது அந்தக் கதைகளில் வருகிற கடிதங்கள். வாயால் சொல்ல முடியாததை ஒருத்தி எழுதி அனுப்புவாள். கல்நெஞ்சுக்காரன் அதைத் தனியாக ஜன்னல் ஓரம் நின்று படிப்பான். அடுத்த காட்சியில் அவன் வேறு மனிதன். உனக்குப் பிடித்தது சண்டை. விடியற்காலைப் பனியில் இரண்டு பேர் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்பார்களே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவாய். "சொல்லிட்டுச் சுடறான் பாரு. அது நாயம். நம்மூருல சோறு போட்டுட்டே முதுகுல குத்துவானுக" என்பாய்.

பார்த்து முடித்ததும் விளையாட்டு. நீ இரண்டு கையுறையையும் மாட்டிக்கொண்டு சாக்குக் கட்டின் மேல் ராணி மாதிரி உட்காருவாய். நான் உயரம் என்பதால் எப்போதும் நான்தான் ஆம்பளை. அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உன் கையில் முத்தம் வைத்து, எனக்குத் தெரிந்த உயர்ந்த தமிழை எல்லாம் கொட்டுவேன். நீ என் தலையில் ஒரு குட்டு வைத்து, "எந்திரிய்யா, ஊட்டுல மாடு கத்துது" என்பாய்.

ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டாய். ஒன்பது தொடரும் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது உனக்கு உறுத்தியிருக்கிறது. "கதவச் சாத்துனதுக்கு அப்புறம் ஏம் புள்ள காட்டவே மாட்டேங்கறாங்க? இத்தன பவுசாக் குனியறானே, உள்ள போனா அடிக்க மாட்டானா?"

"அடிக்க மாட்டாங்க. அவங்க எல்லாம் ஜென்டில்மேன்" என்றேன் நான். இலக்கியம் படித்த அறிவுக்கொழுந்து!

அடுத்த தையில் அந்தக் குப்பனூர் ஜீப்காரனோடு உனக்குக் கல்யாணம் ஆனது. மூன்றாம் மாதமே முதல் அடி. அதை நீ சொல்லவில்லை, உன் காது சொன்னது. தோடு இருந்த இடம் கிழிந்திருந்தது. "மாட்டுக் கவுத்துல சிக்கிருச்சு" என்றாய். அதற்கடுத்த முறை மணிக்கட்டில் சிகரெட் சூடு. அதற்கு ஒரு பொய்யும் உனக்குக் கிடைக்கவில்லை. போன மே மாதம் அதே கொட்டகையில் உட்கார்ந்து ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினாய். ஜீப்பின் ஜாக்கிக் கம்பி பட்ட இடம் கறுத்து, ஓரத்தில் மஞ்சளாகி, நடுவில் தோல் உரிந்திருந்தது. நீ அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு நா இல்ல ஒரு நா தூங்கறப்ப அருவாளப் போட்டுருவன் புள்ள. ஒரே போடு" என்றாய்.

போட்டிருக்கலாம். இன்றைக்கு நீ ஜெயிலில் இருந்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் உனக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருப்பேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டியிருப்பாய். உயிரோடு திட்டியிருப்பாய். என்னை அறிவுரை சொல்ல யார் கூப்பிட்டது?

"அவன்கிட்ட எழுதிக் குடு. நேர்ல சொன்னா கோவம்தான் வரும். தனியா உக்காந்து படிச்சா மனசு எளகும்" என்றேன்.

"கட்டுனவனுக்கு எதுக்குடி லெட்டரு? ஒரே ஊட்டுலதான இருக்கறோம்?"

"நான் எழுதித் தரேன். நீ பாத்து எழுதிச் சட்டப் பைல வெச்சிரு."

இலக்கிய வரலாற்று நோட்டின் பின்பக்கத் தாளைக் கிழித்து எழுதினேன். ஒரு மணி நேரம் எழுதினேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. 'தங்கள் கரங்கள் என் மேனியில் எழுதும் கொடுமையை என் இதயம் எங்ஙனம் வாசிக்கும்?' என்று ஒரு வரி. நினைத்தால் இப்போது என் வாயிலேயே குத்திக்கொள்ளத் தோன்றுகிறது. நீ படித்துவிட்டு, "இத்தன எதுக்கு?" என்று என் பேனாவை வாங்கினாய். தாளின் அடியில் உன் கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதினாய். 'அடிக்காதீங்க. நொம்ப வலிக்குது.'

"இதப் போட்டாப் பத்தாதா?" என்று கேட்டாய்.

"சின்னப் பசங்க எழுதற மாதிரி இருக்கு. சும்மா இரு" என்று அந்த வரியின் மேல் நான் கோடு இழுத்தேன். நீயும் விட்டுவிட்டாய். காலேஜ் படிக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாய். என் எழுத்தைப் பார்த்து அப்படியே வேறொரு தாளில் எழுதிக்கொண்டு போனாய். நான் எழுதின தாள் என்னிடம் தங்கிவிட்டது.

அவன் அதை ஜன்னல் ஓரம் நின்று படிக்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் நான்கு பேர் நடுவில் டீ குடிக்கும்போது பையிலிருந்து விழுந்தது. ஒருத்தன் எடுத்துச் சத்தமாகப் படித்தான். எல்லாரும் சிரித்தார்கள். 'கரங்கள்', 'இதயம்', 'எங்ஙனம்'. உன் வாயில் வராத வார்த்தை எல்லாம். ஒருத்தன் கேட்டானாம், "மாப்ள, இது பொம்பள எழுதுன மாதிரி தெரியலியே. எவன் எழுதிக் குடுத்தது?" அவ்வளவுதான். கேள்வி அங்கே முளைத்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். நீ கேட்டாயே, சாத்தின கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று. உன் வலது கையைப் பிடித்து அம்மிக்கல்லின் மேல் வைத்து, ஜாக்கிக் கம்பியால் ஒவ்வொரு விரலாக. ஒரு விரலுக்கு ஒரு தடவை, "எவன்டி?" மூன்று விரல் உடைந்தது. நீ சொல்லவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் உன் அம்மா வீட்டுக்கு ஏறி வந்தாய். நான் ஓடி வந்தபோது மரக்கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். உன் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து இந்தக் கையுறையை எடுத்து, கட்டின் மேலேயே மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாய். தையல் பிரிந்தது. "பாரு புள்ள, ராணிக்குக் கை வீங்கிப் போச்சு" என்று சிரிக்கப் பார்த்தாய். நான் அழுதேன்.

"நான் எழுதுனேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான? ஏன் அடி வாங்குன?"

"சொன்னா உன்ற ஊட்டுக்கு வருவான். உன்னையும் இப்படிப் பண்ணுவான். நீ படிக்கோணும். நாலு நாள்ல அடங்கிருவான், விடு."

நாலு நாளில் அவன் அடங்கவில்லை. ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். உங்கள் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நானும் அப்பாவும் ஓரமாக நின்றோம். அவன் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, அவ்வளவு பணிவாகப் பேசினான். "கூட்டிட்டுப் போறதுக்குத்தானுங்க வந்தேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். அந்த லெட்டர எழுதிக் குடுத்த ஆம்பள யாரு?"

"நானேதானுங்க எழுதுனேன். அவருக்குத்தானுங்க எழுதுனேன்" என்றாய் நீ.

உன் பெரியப்பா கேட்டார், "ஏன் சாமி, கட்டுன புருசனுக்கு எவளாச்சும் லெட்டர் எழுதுவாளா?" கூட்டமே தலையாட்டியது. இந்த மலையில் ஒருத்தியும் அப்படிச் செய்ததில்லை. நம் இரண்டு பேரின் மண்டையில் மட்டும்தான் அது நியாயமாக இருந்தது.

"அவளே எழுதியிருந்தா இப்ப அதே மாதிரி ஒரு வரி எழுதிக் காட்டட்டுமுங்க" என்றான். யாரோ ஒரு பேனா கொண்டு வந்தார்கள். நீ வாங்கினாய். மரக்கட்டை வைத்துக் கட்டின விரலில் பேனா நிற்குமா? கீழே விழுந்தது. எடுத்தாய். மறுபடி விழுந்தது. விரலை உடைத்தவனே எழுதிக் காட்டு என்கிறான், அத்தனை பெரிய மனிதர்களும் பேனா விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. எனக்கும் எழவில்லை.

எழப் பார்த்தது. அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "வாயத் தொறக்காத சாமி. ஜீப் ஸ்டாண்டே அவன் பின்னால நிக்குது. உன்ற பேரு இழுபட்டா நாம இந்த மலைல இருக்க முடியாது" என்று காதில் சொன்னார். அப்போது நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். லேசாகத் தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு வசதி எனக்கு! கூட்டம் கலைந்தது. "புத்திமதி சொல்லிக் கூட்டிட்டுப் போ" என்று உன்னை அவன் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் கையுறையை என் கையில் திணித்து, "மழக்கோட்டோட வெச்சிரு" என்றாய்.

எட்டாம் நாள் குப்பனூர் ரோட்டு வளைவில், ஓடுகிற ஜீப்பிலிருந்து நீ குதித்தாய் என்றான். கள்ளத்தனம் வெளியே வந்த வெட்கத்தில் குதித்தாய் என்றான். அப்படியே ஊரும் சொன்னது. பெரியாஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. கை மட்டும் வெளியே இருந்தது. போகும்போது மூன்று விரலில் கட்டு இருந்தது. வரும்போது ஐந்திலும் இருந்தது, அழுக்கேறின பழைய கட்டு. குதித்தவளுக்கு முன்னமே யார் கட்டுப் போட்டது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டு நாளும் உன்னை அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எட்டு நாளும் நீ சொல்லவே இல்லை.

நான் எம்.ஏ. சேர்ந்தேன். முதல் வருடம் முடித்தேன். கடித இலக்கியம் பற்றிக் கட்டுரை எழுதி வகுப்பில் கைதட்டல் வாங்கினேன். துப்பு என் மூஞ்சியில்.

இன்று பஸ்ஸில் அந்தப் பெண் பயந்து வேறு சீட்டுக்குப் போன பிறகு, பின்னால் இரண்டு கிளியூர்க்காரப் பெண்கள் பேசிக்கொண்டது கேட்டது. "குப்பனூர் ஜீப்காரனுக்கு மறுபடி கல்யாணமாமா?" "ஆமா, ஆவணில. பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. மொதத் தாரம் எவனோடவோ பழகிட்டுச் செத்தாளே, பாவம் அந்தப் பையன்."

பாவம் அந்தப் பையன்! எழுந்து நின்று, "நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர்களைச் சொன்னேனா, பஸ்ஸைச் சொன்னேனா, எனக்கே தெரியாது. பஸ்தான் நின்றது. கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி, வந்த முதல் ஸ்கூட்டியைக் கை காட்டி நிறுத்தி, வெள்ளக்கடைக்குப் போனேன். வீட்டுக்குப் போயிருந்தால் அப்பா மறுபடி மணிக்கட்டைப் பிடித்திருப்பார்.

உன் அம்மா வாசலில் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் பாதியாகிவிட்டார். "வா கண்ணு. லீவு உட்டாச்சா? எத்தன நாளாச்சு உன்னப் பாத்து" என்று எழுந்தார்.

"அம்மா, அந்த லெட்டர எழுதிக் குடுத்த ஆம்பள யாருன்னு கேட்டாங்கல்ல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சாமி?"

"அந்த ஆம்பள நான்தானுங்கம்மா."

முதலில் புரியவில்லை அவருக்கு. கையுறைக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, மழைக்கோட்டு, நான் இழுத்த கோடு, நீ தலையாட்டியது, பஸ்ஸில் கேட்ட ஆவணிக் கல்யாணம் எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் முதல் அறை விழுந்தது. அடுத்தது. மூன்றாவதில் கீழே விழுந்தேன். பலாப் பிசின் ஒட்டின கையால் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார். "அன்னைக்கு அங்கதானடி நின்ன! அங்கதானடி நின்ன!" என்று கத்திக் கத்தி அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் போனது. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் எனக்கு ஒருவர் செய்த ஒரே நல்ல காரியம் அந்த அடிதான்.

களைத்துப் போய் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தாளைக் கையில் எடுத்து, "இதுல எம்புள்ள எழுதுனது எது?" என்று கேட்டார். கோட்டுக்கு அடியில் இருந்த உன் வரியைக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அடிக்காதீங்க. நொம்ப வலிக்குது.' அதன் மேல் வாயை வைத்து மூடிக்கொண்டு அவர் அழுத சத்தத்தை உனக்கு எழுத எனக்கு வராது.

பிறகு முந்தானையால் என் உதட்டைத் துடைத்தார். அழுத்தித்தான் துடைத்தார். "இன்னொருத்தி பெத்த புள்ளைய அவங்கிட்ட அனுப்பப் போறாங்களா? எந்திரி. நட."

இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். பெண் போலீஸ் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான்கு வெள்ளைத் தாள் கொடுத்து, "நடந்தத அப்படியே எழுதும்மா" என்றார். அப்பாவுக்குச் சேதி போய், அவரும் வந்து வாசலில் நிற்கிறார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. புகார் ஒரு தாளில் முடிந்துவிட்டது. மிச்சத் தாளில்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

என்னிடம் உன்னுடையது என்று இரண்டுதான் மிச்சம். கையுறை ஒன்று, அந்த வரி ஒன்று. வரியை இன்று கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. இனி எந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தாலும் உன் கோணல் எழுத்து முன்னால் வந்து, "இத்தன எதுக்கு புள்ள?" என்று கேட்கும். கேட்கட்டும். அவனைக் கொல்ல வேண்டும் என்கிற வெறியும் அப்படியே இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டுதான் கோர்ட்டில் போய் நிற்கப் போகிறேன். எதிரெதிரே, சொல்லிவிட்டு.

உன் அம்மா, "என்ன எழுதியிருக்கறன்னு படி" என்றார். பெயர், ஊர் எழுதின வரிகளைத் தாண்டிப் படித்தேன். 'அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது நான். வேறு யாரும் இல்லை. என்னை அடிக்காதீங்க என்று அவனிடம் கேட்பதற்காக எழுதினோம். அதற்காக அவன் அவள் விரல்களை உடைத்தான். யார் எழுதியது என்று கேட்டு அடித்தான். அவள் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன். நானும் சொல்லவில்லை.'

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்கம்மா."

அவர் தாளை வாங்கி விரலால் தடவினார். "இது எம்புள்ள எழுதுன மாதிரி இருக்குது" என்றார். கையெழுத்துப் போடச் சொல்லி உள்ளே கூப்பிடுகிறார்கள், போகிறேன்.